கையுறையை வாங்கியவர் ஒப்பந்ததாரர், கை யாருடையது?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாள். 1986இல் அந்தத் தேதியில்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. மாவட்டந்தோறும் பேரணி, கல்லூரி மாணவர்கள் கையில் பதாகை, 'பில் கேட்டு வாங்குவீர்', 'காலாவதி தேதி பார்ப்பீர்' என்று முழக்கம். பேரணி போன பிறகு தெருவில் கிடக்கும் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்க ஒருவர் வருவார். அவர் போட்டிருக்கும் கையுறையில் காலாவதி தேதி இருக்கிறதா என்று இதுவரை எந்த விழிப்புணர்வு முகாமிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நம்மைப் பொறுத்தவரை நுகர்வோர் சட்டம் 1986இல் பிறந்ததும் அல்ல. அரசியல் சட்டத்தின் 15(2) கடைக்குள்ளும் உணவு விடுதிக்குள்ளும் நுழைவதைச் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்றது. 1955இல் வந்த குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தீண்டாமை காரணமாகப் பொருளை விற்க மறுப்பதையும் சேவை தர மறுப்பதையும் குற்றமாக்கியது. இந்த நாட்டின் முதல் நுகர்வோர் சட்டம் அதுதான் என்பேன். டீக்கடையில் எல்லோரும் கொடுத்த அதே காசைக் கொடுத்துவிட்டு, வெளியே கம்பியில் தொங்கும் தனிக் குவளையை எடுத்துக் குடித்துக் கழுவி வைத்தவர் நுகர்வோரா இல்லையா? காசு வாங்கிய கடைக்காரருக்கு அவர் வாடிக்கையாளர். குவளையைப் பொறுத்தவரை அவர் தீண்டத்தகாதவர். 'வாங்குபவர்தான் ராஜா' என்ற வாசகம் அச்சான காலத்திலேயே வாங்கியும் ராஜாவாகாத மக்கள் இருந்தார்கள் என்பதை முதுகலை சமூகவியலில் நுகர்வுச் சமூகம் பற்றிப் படித்த தாளில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது நான் எழுத வந்தது வாங்காமலே பயன்படுத்துகிறவர்களைப் பற்றி. தூய்மைப் பணியாளர் தன் வேலைக்கான பொருள் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. கையுறை, பூட்ஸ், ஒளிரும் சட்டை, முகக்கவசம், பிளீச்சிங் பவுடர், ஆசிட், பினாயில், தள்ளுவண்டி, பேட்டரி வண்டி எல்லாம் யாரோ டெண்டரில் வாங்கியவை. குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர். அவர் எந்தத் தரத்தில் தந்தார் என்று பார்ப்பது ஸ்டோர் பொறுப்பாளர், கையெழுத்துப் போடுவது அதிகாரி, எரிச்சல் மட்டும் தொழிலாளிக்கு. அண்மைக் காலமாக இந்தப் பட்டியலில் இரண்டு புதிய பொருட்கள் சேர்ந்துள்ளன. முகத்தைப் படம் பிடித்து வருகை பதியும் செயலி ஒன்று, கையில் கட்டிவிடும் ஜி.பி.எஸ். கடிகாரம் மற்றொன்று. அவற்றையும் தொழிலாளி கேட்கவில்லை.

நான் வேலை செய்யும் பகுதியில் ஓர் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். ஊரையும் நிறுவனத்தையும் சொல்லப் போவதில்லை, அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். பொதுக் கழிப்பறை கழுவ அவருக்குத் தரப்பட்ட ஆசிட், பழைய குளிர்பான பாட்டிலில் இருந்தது. பெரிய கேனில் வாங்கி, வார்டு வார்டாகப் பிரித்துக் கொடுக்கும்போது கைக்குக் கிடைத்த பாட்டிலில் ஊற்றித் தருவது வழக்கம். கேனில் ஒட்டியிருந்த எச்சரிக்கை பாட்டிலோடு வராது. முதல் நாள் தெளித்த பிளீச்சிங் பவுடர் தரையில் இருக்க, அதன் மேல் அந்த ஆசிட்டை ஊற்றியிருக்கிறார். பிளீச்சிங் பவுடரும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பள்ளி வேதியியல் பாடம். மூடிய கழிப்பறையில் அது கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் தாக்கும். அவர் இருமிக்கொண்டே வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை, மூன்று நாள் சம்பளம் போனது. "கிளவுசு குடுத்தாங்களே அக்கா, போடலையா?" என்று கேட்டேன். "போட்டுக்கிட்டுத்தாம்மா இருந்தேன். மூச்சுக்கு எங்கம்மா கிளவுசு போடறது?" என்றார்.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் எங்கே போய் நிற்கிறோம் என்று பாருங்கள்.

2019இல் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் பெருமை என்று சொல்லப்படுவது 6ஆம் அத்தியாயம்: பொருள் பொறுப்பு. குறையுள்ள பொருளால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவர், விற்றவர், சேவை தந்தவர் ஆகியோரிடம் இழப்பீடு கேட்கலாம். தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சொன்ன தரத்துக்கு மாறாக இருப்பது, சரியான எச்சரிக்கையோ பயன்படுத்தும் முறையோ சொல்லாதது எல்லாம் இதில் அடங்கும். படிக்க நன்றாகவே இருக்கும். பிறகு 87ஆம் பிரிவு வருகிறது. போதிய எச்சரிக்கை தரவில்லை என்று தொடுக்கும் வழக்கில், அந்தப் பொருளை ஒரு முதலாளி தன் பணியிடத்தில் பயன்படுத்த வாங்கியிருந்து, தயாரிப்பாளர் அந்த முதலாளியிடம் எச்சரிக்கையைச் சொல்லியிருந்தால் தயாரிப்பாளர் பொறுப்பல்ல. அதாவது கேனில் ஒட்டியிருந்த சீட்டை ஒப்பந்ததாரர் பார்த்திருந்தால் போதும். பாட்டிலைத் திறந்த அக்காவுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது தயாரிப்பாளரின் கவலை அல்ல.

அதே உட்பிரிவில் இன்னொரு விலக்கும் இருக்கிறது. பொருளைப் பயன்படுத்தும்போது புகார்தாரர் மது போதையில் இருந்தால், எச்சரிக்கைக் குறைபாட்டுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பல்ல. காரோட்டியை மனதில் வைத்து எழுதியிருக்கலாம். ஆனால் சாக்கடை மரணம் நடந்த இடத்துக்கு ஒருமுறை போனவர்களுக்குத் தெரியும், அங்கே முதலில் வரும் கேள்வி 'உள்ளே என்ன வாயு இருந்தது' என்பதல்ல, 'குடிச்சிருந்தானா' என்பதுதான். மலக்குழிக்குள் இறங்க ஒருவனைக் குடிக்க வைக்கும் வேலையைக் கொடுத்துவிட்டு, குடித்ததை அவனுக்கு எதிரான ஆதாரமாக்குவது தெருவின் வழக்கம். சட்டமும் அதற்கு ஒரு வரி ஒதுக்கி வைத்திருக்கிறது.

இது தொழிலாளர் பிரச்சினை, இதில் நுகர்வோர் சட்டத்தை ஏன் இழுக்கிறாய் என்று தோழர்கள் கேட்கிறார்கள். தொழிற்சங்கத்தில் இருப்பவர்களின் கேள்வி என்பதால் பதில் சொல்லியாக வேண்டும். தொழிலாளர் சட்டம் முதலாளியைத்தான் பிடிக்கும். முதலாளி யார் என்பதிலேயே நம் ஆட்களின் பாதி வாழ்க்கை கழிந்துவிடுகிறது. மாநகராட்சி ஒப்பந்ததாரரைக் காட்டும், ஒப்பந்ததாரர் துணை ஒப்பந்ததாரரை, அவர் மேஸ்திரியை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலுமாக உட்கார்ந்திருந்தது, தங்களைத் தனியார் நிறுவனத்தின் கையில் ஒப்படைக்காதீர்கள் என்றுதான். அதாவது, 'எங்கள் முதலாளி யார்' என்ற கேள்விக்காக. பதிலுக்கு நள்ளிரவில் கைது. அந்தப் போராட்டத்தை நுகர்வோர் நீதிமன்றத்தில் நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். ஆனால் ஆசிட் தயாரித்த கம்பெனியும் கையுறை தயாரித்த கம்பெனியும் இந்தச் சங்கிலியில் எங்கேயும் தென்படுவதே இல்லை. அவர்கள் கல்லாவுக்குப் பணம் போகும், அவர்கள் பெயர் எந்த வழக்கிலும் வராது. அவர்களைத் தொடுவதற்கு இருக்கும் வழி பொருள் பொறுப்பு ஒன்றுதான்.

ஒரு பிரஷர் குக்கரை எடுத்துக்கொள்வோம். தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமான பொருள். முத்திரையில்லாத குக்கர்களைத் தன் தளத்தில் விற்கவிட்டதற்காக 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, விற்ற 2,265 குக்கர்களையும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரச் சொன்னது. அதற்கு முன் 2021 டிசம்பரிலேயே தலைக்கவசம், குக்கர், எரிவாயு உருளை பற்றி மக்களை எச்சரித்து அறிவிப்பு வெளியிட்டது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். குக்கர் வெடித்தால் யார் வீட்டுச் சமையலறையும் சமையலறைதான். ஆனால் நான் கேட்பது, குக்கருக்குக் காட்டிய அக்கறையில் கால் பங்கை இந்த ஆணையம் மலக்குழி வாயுவை அளக்கும் கருவிக்கோ மூச்சுக் கருவிக்கோ காட்டியிருந்தால் என்ன?

வாயுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பொருளின் தரம் என்பது உயிர். மலக்குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் 10 லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மூக்கின் நரம்பு மரத்துப் போய் நாற்றம் தெரியாமல் போகும். 'நாத்தம் கொறஞ்சிருச்சு, எறங்கலாம்' என்று சொல்வது அப்போதுதான். 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம், 1,000த்தை நெருங்கினால் ஓரிரு மூச்சில் சாவு. இதற்குத் துணி முகக்கவசமும் அறுவைச் சிகிச்சை முகக்கவசமும் ஒன்றும் செய்யாது. தூசியைத் தடுக்கும், அவ்வளவே. வாயுவைத் தடுக்க வெளியிலிருந்து காற்றுத் தரும் கருவி வேண்டும். வாயு அளக்கும் கருவியும் ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துப் போட்டோ எடுக்கும் பொருளல்ல. அதன் உணரிகள் தேயும், அளவு சரிபார்க்க வேண்டும், சரிபார்க்காத கருவி ஆபத்தான இடத்தில் பூஜ்யம் காட்டும். பூஜ்யம் காட்டும் கருவி, கருவியே இல்லாததைவிட மோசம்.

இங்கே 2013ஆம் ஆண்டு கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 'ஆபத்தான சுத்திகரிப்பு' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம், பாதுகாப்புச் சாதனமும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையில் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது. சாதனம் கொடுத்துவிட்டால் அது 'ஆபத்தானது' ஆகாது. சாதனத்தை நம்பித்தான் சட்டம் ஒரு மனிதனை இறங்க அனுமதிக்கிறது. அந்தச் சாதனம் ஒழுங்கானதா என்று பார்க்கும் பொறுப்பை அதே முதலாளியிடம் விட்டுவிடுகிறது. 2019 முதல் 2023 வரை சாக்கடையிலும் மலக்குழியிலும் 377 பேர் இறந்ததாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 2022, 2023இல் நடந்த 54 மரணங்களை அரசு சமூகத் தணிக்கை செய்து பார்த்ததில் 49 பேரிடம் எந்தச் சாதனமும் இருக்கவில்லை. மிச்சம் இருந்தவர்களிடம் இருந்தது கையுறை, அல்லது கையுறையும் பூட்சும். வாயுவுக்கு எதிராகக் கையுறை!

யாருமே இறங்கக் கூடாது என்பதுதான் சஃபாய் கர்மசாரி அந்தோலன் போன்ற இயக்கங்கள் பல்லாண்டுகளாகச் சொல்வது. நல்ல சாதனம் கேட்பது இறங்குவதை நியாயப்படுத்தும் என்ற அவர்களின் அச்சத்தை நான் மதிக்கிறேன். சாக்கடைக்குள் இறங்குவதற்குச் சாதனம் கேட்கவில்லை. ஆனால் தெரு கூட்டுவதும் குப்பை பிரிப்பதும் கழிப்பறை கழுவுவதும் நாளையும் நடக்கும். அங்கே கை கிழிகிறது. 'நமஸ்தே' திட்டத்தின் கீழ் அரசு எண்ணிய சாக்கடை, மலக்குழித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 68 விழுக்காடு பட்டியல் சாதியினர். குப்பை வண்டிக்குப் பின்னால் நடப்பவர்களை எண்ணினாலும் படம் பெரிதாக மாறிவிடாது என்பது அந்த வண்டிகளைப் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொருளின் தரம் எங்கே கண்டுகொள்ளப்படாமல் போகிறது என்பதற்குச் சாதி ஒரு நல்ல வழிகாட்டி.

குப்பைத் தொட்டியோடு நுகர்வோர் சட்டம் முடிந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வாங்கியவர் தூக்கி எறிந்ததும் அவர் நுகர்வு முடிந்தது, பொருளின் வாழ்வு முடிவதில்லை. உடைந்த டியூப் லைட், ஷேவிங் பிளேடு, இன்சுலின் ஊசி, உப்பிய செல்போன் பேட்டரி, நாப்கின், டயப்பர் எல்லாவற்றையும் கடைசியாகக் கையில் எடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் அந்தப் பொருளின் கடைசிப் பயனாளி. நாப்கின், டயப்பர் தயாரிப்பவர்கள் ஒவ்வொன்றையும் சுற்றிப் போடப் பையோ உறையோ பாக்கெட்டிலேயே சேர்த்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. அதற்குத் தப்பும் வழியையும் கூடவே கொடுத்தன, மறுசுழற்சிப் பொருளில் தயாரிக்கும் வாய்ப்பை 'ஆராய்ந்தால்' போதும். உங்கள் வீட்டில் வாங்கும் பாக்கெட்டைத் திறந்து பாருங்கள். நிறுவனம் ஆராய்ந்துகொண்டே இருக்கிறதா, உறை கொடுத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். "குப்பைக்குள்ள கைய விட்டா கிளவுசு கிழியாம என்னம்மா செய்யும்? உள்ள என்ன இருக்குன்னு போட்டவங்களுக்குத்தான தெரியும்" என்று அந்த அக்கா ஒருமுறை சொன்னார். தயாரிப்பாளர் பொறுப்பு என்று பெரிய கருத்தரங்குகளில் பேசப்படுவதை அவர் தன் பாஷையில் சொல்லிவிட்டார்.

இனி கடிகாரத்துக்கு வருவோம். சண்டிகர், நாக்பூர், பஞ்ச்குலா போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களுக்கு ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது அலுவலகத் திரையில் தெரியும். குறித்த எல்லையை விட்டு நகர்ந்தால் பதிவாகும். சிறுநீர் கழிக்க இடம் தேடிப் போகும் பெண்ணும் அந்தத் திரையில் ஒரு புள்ளி. வேறு பல ஊர்களில் முகம் காட்டி வருகை பதியும் முறை. காலை ஆறு மணி அரை வெளிச்சத்தில், முக்காடு போட்டு, நெட்வொர்க் இல்லாத தெருமுனையில் நின்று அந்தச் செயலியிடம் தன்னை நிரூபிக்க வேண்டும். செயலி ஏற்கவில்லை என்றால் தெருவைக் கூட்டியதற்கு ஆதாரம் இல்லை, அன்றைய சம்பளம் கேள்விக்குறி. முகத்தைப் படித்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை 2018இல் ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சோதித்தபோது, வெள்ளைத் தோல் ஆண்களிடம் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த பிழை கறுத்த தோல் பெண்களிடம் 34 விழுக்காடு வரை போனது. வருகைப் பதிவு வேறு வகைச் சோதனைதான், காலமும் மாறியிருக்கிறது. ஆனாலும் நம் ஊரில் இந்தச் செயலிகளை வாங்கும் முன் நம் பெண்களின் முகத்தில், நம் தெரு வெளிச்சத்தில் சோதித்தீர்களா, பிழை எவ்வளவு என்று கேட்க நமக்கு உரிமை இருக்க வேண்டாமா? கிழிந்த கையுறை குறையுள்ள பொருள் என்றால், வந்தவரை வரவில்லை என்று சொல்லும் செயலி என்ன பொருள்?

இணையத்தில் பொருள் வாங்குபவருக்கு இந்த நாட்டில் இப்போது ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடைசெய்தன. நீங்கள் கேட்காத பொருளைக் கூடையில் நைசாகச் சேர்ப்பது அதில் ஒன்று. கேட்காமல் கூடையில் சேர்த்தால் தவறு. கேட்காமல் மணிக்கட்டில் கட்டினால்?

அதற்குப் பதில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, அதுவும் நமக்குப் பழகிய பதில்தான். ஒப்புதல் சுதந்திரமாக, தெளிவாக, நிபந்தனையின்றி இருக்க வேண்டும் என்று 6ஆம் பிரிவு அழகாகச் சொல்கிறது. அடுத்த பிரிவிலேயே, வேலை தொடர்பான நோக்கத்துக்கும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஒப்புதல் தேவையில்லை என்று விலக்கு. நுகர்வோர் சட்டத்தின் 87ஐயும் இந்த 7ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே, முதலாளியிடம் சொன்னால் தொழிலாளியிடம் சொன்ன மாதிரி. இங்கே, முதலாளிக்குத் தேவை என்றால் தொழிலாளியைக் கேட்ட மாதிரி. பொருளைச் செய்தவருக்கும் உடலில் அணிந்தவருக்கும் இடையில் முதலாளியை ஒரு சுவராக நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்தத் தரவுச் சட்டத்தில் நமக்கு இன்னும் இரண்டு வயிற்றெரிச்சல்கள் உண்டு. 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவில் 'நுண்ணிய தனிநபர் தரவு' என்று ஒரு பட்டியல் இருந்தது. உடல்நலம், விரல்ரேகை, பாலியல் நாட்டம் ஆகியவற்றோடு சாதி, பழங்குடி என்பதும் அதில் இடம்பெற்றது. ஒருவரின் சாதியை வெளியே தெரியப்படுத்துவது அவர் வாடகை வீட்டை, வேலையை, சில நேரம் உயிரையே பறிக்கும் என்பதை ஒப்புக்கொண்ட பட்டியல். 2023இல் சட்டம் வந்தபோது அந்த வகைப்பாடே இல்லை. சாதியும் செல்போன் எண்ணும் சட்டத்தின் பார்வையில் இப்போது ஒன்றுதான். அடுத்தது பணம். தரவு கசிந்து கெட்டுப்போனவருக்கு இழப்பீடு கேட்க வழி தந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது அது நீக்கப்படும். பெரிய அபராதங்கள் உண்டு, 250 கோடி ரூபாய் வரை. அது அரசின் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்குக் காலணா கிடையாது. பொய்ப் புகார் கொடுத்தால் அவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் உண்டு.

இதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவையும் சுருக்கிவிட்டது, 2025 நவம்பர் முதல். இது நம் வேலையை நேராகத் தொடுகிறது. எத்தனை பேருக்குக் கையுறை கொடுத்தீர்கள் என்று மனுப் போட்டு, பெயரும் கையெழுத்தும் உள்ள பதிவேட்டை வாங்கி, அதே பெயர்க்காரர்களிடம் போய் 'அக்கா, இது உங்க கையெழுத்தா?' என்று கேட்டுத்தான் பல மோசடிகளை வெளியே கொண்டுவந்தார்கள். இனி அந்தப் பதிவேடு 'தனிநபர் தகவல்' என்று மறுக்கப்படலாம். பொது நலன் கருதி வெளியிடலாம் என்ற 8(2) இன்னும் உயிரோடு இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டே எழுதுங்கள். பெயர் தர மறுத்தால் எண்ணிக்கை, கொள்முதல் ஆணை, டெண்டரில் எழுதிய தர விவரம், பரிசோதனைச் சான்று ஆகியவற்றைக் கேளுங்கள். அவை யாருடைய தனிநபர் தகவலும் அல்ல.

நுகர்வோர் சட்டத்தின் கதவு முழுக்கச் சாத்தியிருக்கிறதா என்றால், இல்லை. 87ஆம் பிரிவின் முதலாளி விலக்கு எச்சரிக்கைக் குறைபாட்டுக்கு மட்டும்தான். கையுறையின் ரப்பரே மோசம், பூட்சின் அடிப்பாகம் ஆணியைத் தாங்கவில்லை, சொன்ன தரநிலை பொருளில் இல்லை என்றால் அந்த விலக்கு பொருந்தாது. 'நுகர்வோர்' என்ற விளக்கத்திலும், வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவர் சேர்க்கப்பட்டிருக்கிறார். வணிக நோக்கத்துக்காக வாங்கியது என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதற்கு 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் லீலாவதி மருத்துவமனை அறக்கட்டளை வழக்கில் சொன்னதைக் காட்டலாம். செவிலியர்கள் தங்குவதற்காக மருத்துவமனை வீடுகள் வாங்கியது வணிக நோக்கமல்ல, எனவே அது நுகர்வோர்தான் என்பது தீர்ப்பு. செவிலியர் தங்கும் அறைக்குப் பொருந்தும் தர்க்கம் தூய்மைப் பணியாளரின் கையுறைக்கு ஏன் பொருந்தாது? நகராட்சி கையுறையை வைத்து என்ன லாபம் பார்க்கிறது? வாதாடிப் பார்க்க வேண்டிய கேள்வி இது. நம் வழக்கறிஞர்கள் வன்கொடுமை வழக்குகளிலேயே மூச்சுமுட்டிக் கிடப்பது தெரியும். இருந்தாலும் யாராவது ஒருவர் இதைக் கையில் எடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. தொழிலாளி வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. ஒரே பாதிப்புக்கு ஆளான பலருக்காகச் சேர்ந்தும் தொடுக்க ஆணையத்தின் அனுமதி கேட்கலாம்.

அதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் நம் ஆட்கள் தினமும் தூக்கி எறியும் பொருள்தான். சங்கக் கூட்டங்களில் இதைச் சொல்லி வருகிறேன். கையுறை கிழிந்தால் குப்பையில் போடாதீர்கள். கொடுத்த தேதி, கிழிந்த தேதி இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து வையுங்கள். பூட்சிலோ அதன் பெட்டியிலோ ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, இன்னும் செல்லுமா என்று தெரியும். பாதுகாப்புக் காலணிக்கு ஐ.எஸ். 15298 என்று ஒரு தரநிலையே இருக்கிறது, உங்கள் நகராட்சி டெண்டரில் அந்த எண் இருக்கிறதா என்று மனுப் போட்டுக் கேளுங்கள். பெயரில்லாத பாட்டிலில் ஆசிட் தந்தால் படம் எடுங்கள், முடிந்தால் ஸ்டோரில் இருக்கும் கேனையும் சேர்த்து. முகப்பதிவுச் செயலி ஏற்காத நாளில் திரையைப் படம் பிடித்து மேஸ்திரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், நேரம் அதில் பதிந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போனால் எந்தப் பொருளால் இது நேர்ந்தது என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். 'இருமல்' என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டால் பிறகு எந்த ஆணையத்திலும் நிற்காது.

அந்த அக்காவின் சீட்டில் 'இருமல்' என்றுதான் இருக்கிறது. பாட்டிலை மட்டும் அவர் மருமகள் பத்திரமாக வைத்திருக்கிறார். புகார் கொடுக்க நிகழ்வு நடந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு, அதில் இன்னும் 14 மாதம் மீதி இருக்கிறது. இந்த வழக்கை எடுக்கத் தயாராக இருக்கும் வழக்கறிஞர் தோழர்கள் எனக்கு எழுதுங்கள்.